மண்டோலா வாங்க முதல் ஸ்கேல் நீளத்தைக் கேளுங்கோ

மண்டலின் வாசிக்கிற பெடியள், பிள்ளையள் கொஞ்சப்பேர் இப்ப என்னட்ட மண்டோலா வாங்கிறதைப் பற்றிக் கேக்கினம், கிளிநொச்சி, மாங்குளம், மன்னார்ப் பக்கம் எல்லா இடத்திலயும் இருந்து கேள்வி வருது, அதால தனித்தனியா சொல்லிக்கொண்டிருக்காம ஒருக்கா வடிவா எழுதி வைப்பம் எண்டு இருந்தனான். நான் பதினைஞ்சு வருசத்துக்கு மேல கோயில் பாட்டுக்குழுவில மண்டலின் வாசிக்கிறன், மண்டோலா கைக்கு வந்து ஆறு வருசம். வாங்கேக்க பிழைவிட்டுத்தான் கனக்க விசயம் படிச்சனான்.

முதல்ல மண்டோலா எண்டா என்ன எண்டு. வயலினுக்கு வயோலா எப்பிடியோ அப்பிடித்தான் மண்டலினுக்கு மண்டோலா. மண்டலின்ர கம்பியள் தடிச்ச பக்கம் இருந்து ஜி, டி, ஏ, ஈ. மண்டோலா அதில இருந்து ஐஞ்சாம் சுரம் கீழ, சி, ஜி, டி, ஏ. அதாவது மேல இருக்கிற கீச்சு ஈ இல்லை, கீழ ஒரு ஆழமான சி வருது. எட்டுக் கம்பி, சோடி சோடியா நாலு. பேரைப் பாத்தா மண்டோலாதான் மூத்தது, இத்தாலி மொழியில மண்டோலினோ எண்டா சின்ன மண்டோலா எண்டுதான் அர்த்தம்.

ஏன் வேணும் எண்டு கேட்டா, எங்கட பாட்டுக்குழுவில பொம்பிளைப் பிள்ளையள் ஐஞ்சு கட்டையில பாடேக்க மண்டலின் அவையின்ர குரலுக்கு மேல ஏறி நிண்டு குத்தும், ரெண்டும் ஒரே இடத்தில கிடந்து இடிபடும். மண்டோலா குரலுக்குக் கீழ பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். ஆர்மோனியமும் மண்டோலாவும் மட்டும் வைச்சு ஒரு தியானப்பாட்டு வாசிச்சுப் பாருங்கோ, நான் சொல்லுறது விளங்கும்.

பேரை நம்பாதேங்கோ

இது தான் நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். மண்டோலா எண்ட பேர் ரெண்டு சாமானுக்கு இருக்கு. அமெரிக்கா, கனடாவில மண்டோலா எண்டா சி-ஜி-டி-ஏ, நான் மேல சொன்ன சாமான். இங்கிலாந்து, அயர்லாந்துப் பக்கம் மண்டோலா எண்டு கேட்டா கனதரம் தாறது ஒக்ரேவ் மண்டோலா, அது ஜி-டி-ஏ-ஈ, மண்டலினுக்கு அப்பிடியே ஒரு ஸ்தாயி கீழ. அங்க சி-ஜி-டி-ஏ வேணுமெண்டா ரெனர் மண்டோலா எண்டு கேக்கோணும். அதே ஒக்ரேவ் மண்டோலாவை அமெரிக்காவில ஒக்ரேவ் மண்டலின் எண்டுவினம். எங்கட ஆக்களுக்கு இது சரியான சிக்கல், ஏனெண்டா எங்களுக்குச் சாமான் வாறது லண்டன்ல இருக்கிற மச்சானிட்ட இருந்தோ ரொறன்ரோவில இருக்கிற மாமாட்ட இருந்தோதான், ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டா ரெண்டு பேரும் வேற வேற சாமான் வாங்கி அனுப்புவினம், ரெண்டு பேரிலயும் பிழையில்லை.

எனக்கு அதுதான் நடந்தது. லண்டன்ல மச்சான் ஒருத்தர் பழசு விக்கிற ஆளிட்ட மண்டோலா எண்டு போட்டிருந்ததை வாங்கி, ஊருக்கு வந்த ஒரு குடும்பத்திட்டக் குடுத்துவிட்டவர். பெட்டியைத் திறந்தவுடன கழுத்தைப் பாத்து நெஞ்சு பக்கெண்டது, கிற்றார் கழுத்து மாதிரி நீளம். அப்பவும் எனக்கு விளங்கேல்ல, மண்டோலாக் கம்பி எண்டு தேடி எடுத்து வைச்சிருந்த கம்பியைப் பூட்டி ஏ-க்கு முறுக்கிக்கொண்டு போறன், ஜி தாண்டி ஒரு அரைச் சுரம் ஏற, டங் எண்டு அறுந்து கன்னத்துக்குப் பக்கத்தால போனது. ரெண்டாவதும் அப்பிடியே. பிறகுதான் அடிமட்டம் எடுத்து அளந்தனான், 22 இஞ்சி. ஒக்ரேவ் மண்டோலா. வித்தவர் பொய் சொல்லேல்ல, அவற்ற ஊரில அதுதான் மண்டோலா, நாங்கள்தான் நீளத்தைக் கேக்கேல்ல.

அதால பேரை விட்டிட்டு ஸ்கேல் நீளத்தைக் கேளுங்கோ. ஸ்கேல் நீளம் எண்டா நட்டில (கழுத்தின்ர மேல் நுனியில கம்பி தங்கிற சின்னக் கட்டை) இருந்து பிரிட்ஜ் (மேல்பலகையில கம்பியைத் தாங்கிற கட்டை) வரைக்கும் கம்பி அதிருற நீளம். வாத்தியத்தின்ர முழு நீளம் இல்லை, கனபேர் அதைத்தான் அளந்து அனுப்புவினம். சரியா அளக்கிற முறை நட்டின்ர உள் விளிம்பில இருந்து 12ஆவது ஃபிரெட் (கழுத்தில குறுக்கால அறைஞ்சிருக்கிற உலோகக் கட்டு) வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்கிறது, ஏனெண்டா இந்த வாத்தியங்களில கனக்க பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, கம்பியின்ர அமுக்கத்திலதான் நிக்கும், அது நகந்திருந்தா நேர அளக்கிற அளவு பிழைச்சுப்போம். விக்கிறவரிட்ட அடிமட்டத்தை அல்லது ரேப்பைக் கழுத்தோட வைச்சு 12ஆவது ஃபிரெட் தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. அந்த ஒரு படம் போதும். அனுப்பமாட்டன் எண்டு சொன்னா அந்தச் சாமானை விடுங்கோ.

வாற அளவை வைச்சுப் பாருங்கோ. 13⅞ இஞ்சிக்குக் கிட்ட எண்டா மண்டலின். 15 இல இருந்து 17 இஞ்சி வரைக்கும் மண்டோலா, பழைய கிப்சன் எச்-4 மண்டோலா 15¾, இப்ப செய்யிறதுகள் கனக்க 16 க்கும் 17 க்கும் இடையில. 19 இல இருந்து 23 வரைக்கும் ஒக்ரேவ். அதுக்கு மேல 24, 25, 26 எண்டு போனா ஐரிஷ் பசூக்கி, அல்லது மண்டோசெல்லோ. அல்ஜீரியாவில வாசிக்கிற மண்டோல் எண்டும் ஒண்டு இருக்கு, அதுவும் 25 இஞ்சிப் பக்கம், பேர் கிட்டத்தட்ட ஒண்டு எண்டபடியா இணையத்தில தேடேக்க அதுவும் வந்து குழப்பும். ஈஸ்ட்மன் கொம்பனி வாத்தியம் எண்டா மொடல் நம்பரிலயே தெரியும், எம்.டி.ஏ எண்டு தொடங்கினா மண்டோலா, எம்.டி.ஓ ஒக்ரேவ், எம்.டி.சி செல்லோ.

நீளம் மாறினா என்ன மாறும்

ஒண்டு கம்பியின்ர இழுவை. ஒரே கம்பியை ஒரே சுரத்துக்கு ரியூன் பண்ணினா இழுவை நீளத்தின்ர வர்க்கத்தின்ர படி ஏறும். 15¾ இல இருந்து 17 க்குப் போனா நீளம் 8 வீதம்தான் கூடுது, ஆனா இழுவை 16 வீதம் கூடும். ஒரு 14 நம்பர் (நம்பர் எண்டா தடிப்பு, இஞ்சியில ஆயிரத்தில ஒரு பங்குக் கணக்கு) வெறுங்கம்பியை ஏ-க்கு முறுக்கினா 15¾ இல கிட்டத்தட்ட 10 கிலோ இழுக்கும், 17 இல பதினொண்டரை. இதால விரல் நோவும் எண்டு மட்டும் யோசிக்காதேங்கோ, நல்லதும் இருக்கு. மண்டோலாவில எப்பவும் கஷ்டம் குடுக்கிறது அந்தக் கீழ் சி கம்பி. நீளம் குறைஞ்ச வாத்தியத்தில அது தொளதொள எண்டு கிடக்கும், இறுக்க வேணும் எண்டு தடிச்ச கம்பி போட்டா கம்பி வளைய மாட்டாம சத்தம் மொத்தையா வரும். 17 இல அதைவிட மெல்லிசான கம்பியிலயே இறுக்கம் கிடைக்கும், சுரம் தெளிவா மணி மாதிரி வரும். எனக்கு 17 தான் விருப்பம், சி கம்பிக்காகவே.

மற்றது அறுகிறது. வெறும் இரும்புக் கம்பி அறுகிறதுக்குத் தடிப்பு பெரிய காரணம் இல்லை எண்டு சொன்னா ஆக்கள் நம்பினம் இல்லை. தடிச்ச கம்பி கூடத் தாங்கும், ஆனா அதே சுரத்துக்கு ஏத்த அதுக்குக் கூட இழுவையும் வேணும், ரெண்டும் சமனாப்போடும். நீளத்தையும் சுரத்தின்ர அதிர்வெண்ணையும் பெருக்கிற எண்தான் முக்கியம். மண்டலின்ர ஈ 659, அதை 13⅞ ஆல பெருக்கினா 9140 அளவில வரும், அந்த மெல்லிசுக் கம்பி அடிக்கடி அறுகிறது எங்களுக்குத் தெரியும், அதுதான் எல்லைக்குக் கிட்ட. மண்டோலா ஏ 440, 17 ஆல பெருக்கினா 7480, பயமே இல்லை. என்ர 22 இஞ்சியில 440 ஐப் பெருக்கிப் பாருங்கோ, 9680. அறுந்ததில புதினமில்லை. இந்தக் கணக்கை முதல் தெரிஞ்சிருந்தா ரெண்டு கம்பி மிஞ்சியிருக்கும்.

மூண்டாவது விரல். இதை வாங்க முதலே வீட்டில சோதிக்கலாம், காசு ஒண்டும் வேண்டாம். ஒரு கொப்பி ஒற்றையை நீட்டுக்கு மடிச்சு மடிச்சு மூண்டு விரல் அகலத்துக்குக் கொண்டுவாங்கோ, பாக்க கழுத்து மாதிரி இருக்கும், பத்தாட்டி இன்னொரு ஒற்றையை ஒட்டுங்கோ. ஒரு நுனியில கோடு போட்டு அதுதான் நட் எண்டு வையுங்கோ. 15¾ இஞ்சிக்கு அந்தக் கோட்டில இருந்து 44 மில்லிமீற்றரில ரெண்டாவது ஃபிரெட், 133 இல ஏழாவது. 17 க்கு 47 உம் 144 உம். 22 க்கு 61 உம் 186 உம். இதைத் தும்புத்தடியில சுத்தி ஒட்டிப்போட்டு, வாசிக்கிற மாதிரிப் பிடிச்சு, சுட்டுவிரலை ரெண்டாவது கோட்டிலயும் சின்னிவிரலை ஏழாவது கோட்டிலயும் வைச்சுப் பாருங்கோ. மண்டலின்ல விரல் எட்டிப் பிடிக்கிற இந்தத் தூரம் 79 மில்லிமீற்றர்தான், 15¾ மண்டோலாவில 89, 17 இல 96, 20 இல 113, 22 இல 125. கை உளையாம அரை நிமிசம் பிடிக்க ஏலுமெண்டா அந்த நீளம் உங்களுக்குச் சரி. எங்கட பாட்டுக்குழுவில 12 வயசுத் தங்கச்சி ஒராளுக்கு 15¾ வடிவாப் பிடிபட்டுது, 17 இல சின்னிவிரல் நிக்கேல்ல, அவவுக்கு நான் 17 வாங்கு எண்டு சொல்லமாட்டன், என்ர விருப்பம் வேற அவவின்ர கை வேற.

17 வரைக்கும் மண்டலின் விரல்முறையே வைச்சு வாசிக்கலாம், ஒரு விரலுக்கு ரெண்டு ஃபிரெட். 20 தாண்டினா அது சரிவராது, ஒரு விரலுக்கு ஒரு ஃபிரெட் எண்டு செல்லோக்காரர் மாதிரி மாத்தோணும், மெதுவான பாட்டுக்கு நல்லாயிருக்கும், வேகமான பாட்டுக்கு மண்டலின் பழகின கை தடுமாறும்.

பிழையா வாங்கினா

22 இஞ்சியோட நான் என்ன செய்தன் எண்டு சொல்லுறன், ஏனெண்டா உங்களுக்கும் உதவும். கம்பியை எல்லாம் மாத்தி ஜி-டி-ஏ-ஈ எண்டு ஒக்ரேவுக்கே ரியூன் பண்ணினன், பிறகு ஐஞ்சாவது ஃபிரெட்டில ஒரு கப்போவை (எல்லாக் கம்பியையும் குறுக்கால அமத்திப் பிடிக்கிற கவ்வி) பூட்டினன். ஐஞ்சாவது ஃபிரெட்டில ஜி சி-யாகும், டி ஜி-யாகும், ஏ டி-யாகும், ஈ ஏ-யாகும். அப்பிடியே மண்டோலா! நீளமும் நாலில மூண்டு பங்காக் குறையும், 22 இஞ்சி பதினாறரை ஆகிடும், 21 எண்டா 15¾ க்குக் கிட்ட வரும். எண்டாலும் உண்மையான மண்டோலாச் சத்தம் இல்லை, பெட்டி பெரிசு எண்டபடியா கொஞ்சம் கிற்றார் குணம் வரும். ஆனா ஒரு சாமானில ரெண்டு வாத்தியம். சிலருக்கு நான் இதையே சிபாரிசு செய்யிறன், பாட்டுக்குப் பின்னால கோட்ஸ் அடிக்கிறவைக்கு கூட. மூண்டு வருசம் அதோடயே வாசிச்சுப்போட்டுத்தான் பிறகு 17 இஞ்சி ஒண்டு வாங்கினனான்.

ஒண்டு மட்டும் செய்யாதேங்கோ, ஸ்கேலைக் குறைப்பம் எண்டு பிரிட்ஜை முன்னால தள்ளுறது. ஃபிரெட் எல்லாம் ஒரு நீளத்துக்குக் கணக்குப் பாத்து அறைஞ்சது, முழு நீளத்தை 17.817 ஆல பிரிச்சா முதல் ஃபிரெட், மிச்சத்தைத் திரும்ப அதால பிரிச்சா அடுத்தது. பிரிட்ஜைத் தள்ளினா எந்த ஃபிரெட்டிலயும் சுரம் சரியா வராது. பிரிட்ஜ் நகத்திறது சுரம் சரிபாக்க மட்டும்: 12ஆவது ஃபிரெட்டுக்கு மேல கம்பியை விரலால மெல்லத் தொட்டு வாற மணிச்சத்தத்தையும், அதே ஃபிரெட்டை அமத்தி வாற சத்தத்தையும் ஒத்துப்பாருங்கோ, அமத்தினது கூடி நிண்டா பிரிட்ஜைப் பின்னுக்கு ஒரு மயிரளவு, குறைஞ்சு நிண்டா முன்னுக்கு. போனில ரியூனர் இருந்தா அஞ்சு நிமிச வேலை.

எதை வாங்கிறது

பெட்டி வகை ரெண்டு. மேல்பலகை வயலின் மாதிரிக் குடைஞ்சு எஃப் துளை போட்டது, சத்தம் நேர போய்க் குத்தும், தாளமா வெட்டி வாசிக்கிறதுக்கு நல்லம். தட்டையான பலகை, வட்டத் துளை எண்டா சத்தம் நிண்டு இழுபடும், சுதி நிறைஞ்ச மாதிரிக் கிடக்கும், எங்கட பாட்டுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும், விலையும் குறைவு. தோளில சுருள் வைச்ச எஃப் ஸ்டைலுக்கு காசைக் கொட்டாதேங்கோ. அது கண்ணுக்கு வடிவு, செதுக்கிற வேலை கூட எண்டபடியா விலை கூட, சத்தத்துக்கு அதால வாறது ஒண்டுமில்லை, அதே காசுக்கு நீர்த்துளி வடிவமான ஏ ஸ்டைல்ல நல்ல மரம் கிடைக்கும். மேல்பலகை ஸ்புரூஸ் ஒட்டுப்பலகையா முழுப்பலகையா எண்டு கட்டாயம் கேளுங்கோ, துளையின்ர விளிம்பைப் பாத்தா தெரியும், மரக்கோடு மேல இருந்து உள்ளுக்கும் தொடர்ந்து போனா முழுப்பலகை. குறைஞ்ச விலைக்கு ருமேனியாவில ரேகின் பட்டணத்தில 1951 இல இருந்து இருக்கிற ஹோரா தொழிற்சாலைச் சாமான் ஐரோப்பாவில இருக்கிற ஆக்களுக்கு லேசாக் கிடைக்கும், கழுத்து கொஞ்சம் மொத்தம், ஆனா காசுக்குப் பிழையில்லை.

பழசு வாங்கிறதெண்டா கழுத்தைக் கண்ணுக்கு நேர துவக்குப் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சுப் பாருங்கோ. ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலயும் கடைசி ஃபிரெட்டிலயும் ஒரே நேரம் அமத்தினா ஏழாவது ஃபிரெட்டில ஒரு தாள் போற அளவு இடைவெளி இருக்கோணும், ஒண்டுமே இல்லாட்டிக் கழுத்து பின்னுக்கு வளைஞ்சிருக்கு, தீக்குச்சி போற அளவு எண்டா முன்னுக்கு இழுபட்டிருக்கு. பிரிட்ஜுக்குக் கீழ மேல்பலகை பள்ளமாக் கிடந்தா வாங்கவே வேண்டாம். எட்டுக் கம்பியும் சேந்து 70 கிலோவுக்கு மேல இழுக்குது, பலகை இறங்கின வாத்தியத்தைத் திருத்திற செலவு வாத்தியத்தின்ர விலையைத் தாண்டும்.

வெளியில இருந்து பார்சல்ல எடுக்கிறதெண்டா சுங்கவரி எவ்வளவு வரும் எண்டு முதல் விசாரியுங்கோ, கம்பி வாத்தியங்களுக்கான சுங்கக் குறியீடு 9202, தனிக் கம்பிச் செட் எண்டா 9209, அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்டா மறுமொழி கெதியா வரும். ரோஸ்வூட் கழுத்துப்பலகை இருக்கிறதால பிடிச்சுப்போடுவினமோ எண்டு ஒரு தம்பி கேட்டவர். அருகிற மரங்களின்ர வியாபாரத்தைக் கட்டுப்படுத்திற சைட்டிஸ் உடன்படிக்கையில 2017 இல ரோஸ்வூட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது உண்மைதான், 2019 இல செய்து முடிஞ்ச இசை வாத்தியங்களுக்கு விலக்குக் குடுத்திட்டினம், பிரேசில் ரோஸ்வூட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. ஆள் கையில கொண்டு வாறதெண்டா கம்பியை முழுசாக் கழட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, பிரிட்ஜ் விழுந்து பலகையில கீறும், ரெண்டு மூண்டு சுத்து மட்டும் தளத்தி, பிரிட்ஜுக்குக் கீழயும் பக்கத்திலயும் ஒரு பழைய துவாயை மடிச்சு வைச்சாக் காணும்.

மாத்தங்கள்

மண்டோலாக் கம்பி இஞ்ச கடையில கிடையாது, நான் தேடாத இடமில்லை. அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி 10–47 எண்ட அக்கூஸ்டிக் கிற்றார் கம்பிச் செட் ரெண்டு வாங்கிறது, அதில 10, 14, 23, 30, 39, 47 எண்டு ஆறு கம்பி இருக்கும். ஒவ்வொரு செட்டிலயும் 14 ஐ ஏ-க்கு, 23 ஐ டி-க்கு, 30 ஐ ஜி-க்கு, 47 ஐ சி-க்கு. பத்தையும் முப்பத்தொன்பதையும் கிற்றார் அடிக்கிற ஆருக்கும் குடுங்கோ. கர்நாடக முறையில வாசிக்கிற ஆக்கள் ச-ப-ச-ப எண்டு வைக்கிறதெண்டா, ஒரு கட்டைச் சுதிக்கு கீழ் ரெண்டும் சி-ஜி எண்டு ஏற்கனவே சரியா இருக்கு, டி-யை சி-க்கும் ஏ-யை ஜி-க்கும் ஒரு முழுச் சுரம் இறக்கினாப் போதும், ஆனா அப்பிடி இறக்கேக்க இழுவை ஐஞ்சில ஒரு பங்கு குறைஞ்சு கம்பி தளரும், அதுக்கு 12–53 செட் ரெண்டு எடுத்து 16, 24, 32, 53 எண்டு போடுங்கோ, அளந்து தைச்ச மாதிரி இருக்கும். 17 இஞ்சியில இந்தத் தடிப்பு கொஞ்சம் கூட, மெல்லிசு வாத்தியம் எண்டா முதல் செட்டோடயே நில்லுங்கோ.

கிற்றார் கம்பியின்ர நுனியில குண்டு இருக்கும், மண்டோலாவுக்கு வளையம் வேணும். குண்டைக் குறட்டால குறுக்கால பிடிச்சு மெல்ல நெரிச்சா அந்தப் பித்தளை உருளை நெளிஞ்சு வெளியில வரும், உள்ளுக்குக் கம்பி முறுக்கின வளையம் அப்பிடியே மிஞ்சும், அதைக் கொழுக்கியில போடலாம். உறுதியா நெரிச்சா வளையமும் நசிஞ்சு பிறகு அதிலதான் அறும், அதால குறட்டை ரெண்டு மூண்டு பக்கம் திருப்பித் திருப்பி மெல்ல அமத்துங்கோ, கண்ணைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. மாத்தேக்க எட்டையும் ஒண்டாக் கழட்டாம ஒவ்வொண்டா மாத்துங்கோ, பிரிட்ஜ் நிக்கிற இடம் தப்பாது.

கமகம் வாசிக்க ஆசைப்படுற ஆக்கள் சோடிக் கம்பியோட மல்லுக்கட்டாதேங்கோ. ரெண்டு கம்பியை ஒரே அளவுக்கு இழுத்து அசைக்கிறது வலு கஷ்டம், ஒண்டு ஏறும் மற்றது பிந்தும். 1969 இல பிறந்து 2014 இல காலமான மண்டலின் ஸ்ரீனிவாஸ் அவர்கள் சோடியை விட்டிட்டு ஒற்றைக் கம்பி ஐஞ்சு பூட்டின எலெக்ட்ரிக் மண்டலின்லதான் அந்தக் கமகமெல்லாம் கொண்டுவந்தவர். மண்டோலாவில ஒவ்வொரு சோடியிலயும் ஒண்டைக் கழட்டிப்போட்டு ஒரு மாசம் வாசிச்சுப் பாருங்கோ. பிடிச்சுதெண்டா பிறகு நாலு வெட்டு மட்டும் இருக்கிற புது நட் ஒண்டு செய்விக்கலாம். சத்தம் குறையும், அதுக்கு 27 மில்லிமீற்றர் பியேசோ தட்டு (அதிர்வை மின்சாரமா மாத்திற சின்ன வட்டத் தட்டு) ஒண்டை மேல்பலகையில, பிரிட்ஜின்ர மெல்லிசுக் கம்பிப் பக்கம், இரட்டைப்பக்க ரேப்பால ஒட்டி வயர் இழுத்தாக் காணும், எலெக்ட்ரோனிக் சாமான் கடையில சின்ன விலைக்குக் கிடைக்கும், முதல் ஒட்டின இடத்தில பிடிக்காட்டி கழட்டி ரெண்டு விரல் தள்ளி ஒட்டிப் பாருங்கோ, இடம் மாறச் சத்தமும் மாறும்.

நட்டும் பிரிட்ஜின்ர மேல்கட்டையும் நான் கருங்காலியில செய்வித்தனான். உடைஞ்ச பழைய அலுமாரி ஒண்டின்ர கைபிடிக் கட்டை, தாத்தா காலத்துச் சாமான், தச்சுவேலை செய்யிற அண்ணை ஒராள் அதை வாளால ஒரு அங்குலத் துண்டு வெட்டி அரத்தால அரைநாள் மினக்கெட்டு ராவித் தந்தவர். காட்டுக்குள்ள போய்க் கருங்காலியோ முதிரையோ வெட்டுறது பாரதூரமான குற்றம், அந்தச் சோலி வேண்டாம், பழைய தளபாடத்திலயே எங்கட ஊரில காணுமான மரம் கிடக்கு. அண்ணை முதல்ல வெட்டைக் கொஞ்சம் ஆழமா ராவிப்போட்டார், சி கம்பி முதல் ஃபிரெட்டில பட்டுப் பட்டுக் கிர்ர் எண்டது. கருங்காலித் தூளையும் சுப்பர் குளூவையும் கலந்து அந்த வெட்டை நிரப்பி, காய விட்டுத் திரும்ப ராவினது, இண்டைக்கும் அப்பிடியே நிக்குது. முழு வாத்தியத்தையே ஓடர் குடுத்துச் செய்விக்கிறதெண்டா ஸ்கேல் நீளம், நட் அகலம், ஃபிரெட் எண்ணிக்கை மூண்டையும் எழுத்தில குடுங்கோ. நட் அகலம் மண்டோலாவுக்கு 32 மில்லிமீற்றர் அளவு நல்லம், மண்டலின்ர 28, 29 ஐக் குடுத்தா இந்தத் தடிச்ச கம்பியளுக்கு விரல் வைக்க இடம் இராது. கம்பி உயரம் 12ஆவது ஃபிரெட்டில சி-க்கு 2 மில்லிமீற்றர், ஏ-க்கு ஒண்டரை.

கடைசியா வெயிலும் மழையும். வன்னியில கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மரம் காஞ்சு சுருங்கும், ஃபிரெட் நுனியள் கழுத்துக்கு வெளியில நீட்டிக் கையைக் கீறும், கம்பி உயரம் இறங்கிக் கிர்ர் சத்தம் வரும். வாடைக்காத்தோட மாரி தொடங்க பலகை ஊதி கம்பி ஏறி நிக்கும். பிரிட்ஜில திருகுச் சில்லு இருக்கிறது இதுக்குத்தான், வருசத்துக்கு ரெண்டு தரம் கால் சுத்து இறக்கி ஏத்துங்கோ, பயப்படாதேங்கோ, ஆனா கம்பியைத் தளத்திப்போட்டுத் திருகுங்கோ. தகரக் கூரைக்குக் கீழ மத்தியானத்தில வாத்தியத்தை உயரத்தில தூக்கி வைக்க வேண்டாம், பசை இளகும், கழுத்து அடியோட கழண்டு வந்ததையும் நான் பாத்திருக்கிறன். கீழ வைக்கிறதெண்டா நிலத்தில நேர வைக்காம ரெண்டு கல்லு அடுக்கி அதுக்கு மேல கேஸை வையுங்கோ, சுவரில முட்டாம ஒரு சாண் தள்ளி. எனக்கு ஒரு மாரியில மூண்டு கிழமைதான் கேஸ் மூலையில கிடந்தது, எடுக்கேக்க அடிப்பக்கம் முழுக்கக் கறையான், இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா உள்ளுக்கும் போயிருக்கும்.